கடல் கடந்து மீண்ட தாளம்

அடிமைக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்கருடன் அவர்தம் தாளமும் கியூபா சென்றது. பின்னர் இசைத்தட்டேறி அது தாயகம் மீண்டபோது, மாலி நாட்டார் தமதெனவே தழுவினர்.

1996-இல் ஹவானாவில் இருநாட்டாரும் சேர்ந்து இசைப்பதாயிருந்தது. மாலிக் கலைஞர் வந்து சேரவில்லை. மூத்த கியூபக் கலைஞரைக் கொண்டு பதிவான 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' உலகப்புகழ் பெற்றது. எண்ணிய கூட்டிசை 'ஆஃப்ரோகியூபிசம்' என வெளிவந்ததோ 2010-இல்தான்.

அதில் எலியாதேஸ் ஓச்சோவாவின் கிதாருக்குத் துமானி தியாபாத்தேயின் 21 நரம்புக் கோரா மறுமொழி சொல்லக் கேட்டோம். இதனைக் கலப்பிசை என்பதினும், பிரிந்த உறவினரின் கூடல் எனலே தகும். ஆயினும், ஹவானாவில் பாடிய கொம்பாய் செகுந்தோ 2003-இலும் இப்ராகிம் ஃபெரேர் 2005-இலும் மறைந்துவிட்டனர். அவர்தம் குரலோடு கோரா இணைந்திருந்தால் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் இனி எண்ணிப் பார்க்கவே இயலும்.