சத்தம் நிற்கும் இடம்

நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் லாரியோடு சம்பந்தமில்லாத ஜீவனம் அபூர்வம். அந்த முட்டைகளும் ஊரைவிட்டு வெளியேறுவது லாரியில்தான். சேலத்திலிருந்து கரூருக்குப் போகும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும், வெறும் சட்டமாக வந்திறங்கும் வண்டிகளுக்கு மரத்தாலும் இரும்பாலும் பாடி கட்டும் கூடங்கள், தேய்ந்த டயர்களுக்கு ரீட்ரெடிங் செய்யும் நிலையங்கள், பெயிண்ட் கொட்டகைகள் என்று வரிசையாக நீளும் தொழில்களுக்கிடையே, பெயர்ப்பலகை மங்கிப்போன சில பட்டறைகளில், கியர்பெட்டி வேலை ஒன்றையே விரதமாகக் கொண்ட மேஸ்திரிகள் இருக்கிறார்கள். பெட்டியைத் திறக்குமுன்பே உள்ளே எந்தப் பேரிங் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்பது லாரி உரிமையாளர்களிடையே அவர்களுக்குள்ள கீர்த்தி. அந்த வித்தையின் கிரமத்தை நேரில் அறிந்துகொள்ளும் ஆவலோடு அத்தகைய பட்டறை ஒன்றில் சில தினங்களைக் கழித்தேன்.

கனரக வண்டியின் கியர்பெட்டியை இறக்குவது சாமானியமான காரியமன்று. புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கியர் மாற்றும் இணைப்புகளை விடுவிக்க வேண்டும். ஒருவர் தனியாகத் தூக்க முடியாத அந்த இரும்புப் பெட்டியை ஜாக்கியின்மேல் தாங்கி, கிளட்சிலிருந்து நேர்க்கோட்டில் பின்னுக்கு இழுத்துத் தரையில் சேர்க்க வேண்டும். அத்தனை பாட்டுக்கும் பிறகு உள்ளே எல்லாம் செம்மையாக இருந்து, சத்தம் வேறோரிடத்திலிருந்து வந்தது என்று தெரியுமானால், உரிமையாளருக்கு வாடகை நஷ்டம், டிரைவருக்குப் படி நஷ்டம், மேஸ்திரிக்குப் பேர் நஷ்டம். ஆகவே ஸ்பானரைக் கையிலெடுப்பதற்கு முந்திய அந்த அரைமணி நேரத்து விசாரணையே இத்தொழிலின் ஜீவநாடி என்பதை அங்கே போன சிறிது நேரத்திற்குள்ளாகவே கண்டுகொண்டேன்.

அந்த விசாரணை விளங்க வேண்டுமானால் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவாறு தெரிந்திருக்க வேண்டும். இஞ்சினின் சுழற்சியைக் கிளட்ச் வழியாகப் பெற்று உள்ளே கொண்டுவருவது கிளட்ச் ஷாஃப்ட். அதன் பல்சக்கரத்தோடு எப்போதும் கோத்தபடி கீழே சுழல்வது லே ஷாஃப்ட். மேலே, கிளட்ச் ஷாஃப்டுக்கு நேர் பின்னால், அதே கோட்டில் அமைந்து, சுழற்சியை வெளியே புரொபெல்லர் ஷாஃப்டுக்கு அனுப்புவது மெயின் ஷாஃப்ட். கிளட்ச் ஷாஃப்டின் பின்நுனியில் குடைந்த குழிக்குள் மெயின் ஷாஃப்டின் முன்நுனி நுழைந்திருக்கும். அந்தச் சந்திப்பிலும் ஒரு சிறு பேரிங் உண்டு. வண்டி நின்ற இடத்தில் நியூட்ரலில் இஞ்சின் ஓடும்போது கிளட்ச் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் சுழல்கின்றன. மெயின் ஷாஃப்ட் அசைவற்றிருக்கிறது. கிளட்சை மிதித்துச் சற்றுப் பொறுத்தால் மூன்றுமே ஓய்ந்துவிடுகின்றன. ஐந்து கியர் கொண்ட பெட்டியில் ஐந்தாவது நேர் கியராக இருக்குமானால், அதில் போகும்போது கிளட்ச் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் பூட்டப்பட்டு ஒரே தண்டாகச் சுழல, லே ஷாஃப்ட் பாரமின்றி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். எந்த நிலையில் எது சுழல்கிறது, எது நிற்கிறது, எது பாரம் தாங்குகிறது என்ற இந்த மூன்று கேள்விகளுக்குள் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு நாள் விடியற்காலையில், பக்கத்துக் கூடங்களில் சுத்தியல் ஓசை எழுமுன், சரக்கை இறக்கிவிட்டு ஒரு பத்துச் சக்கர லாரி வந்து நின்றது. சத்தம் கேட்க வேண்டிய வண்டிகளை அந்த வேளைக்கு வரச் சொல்வது மேஸ்திரியின் வழக்கம். டிரைவர் இறங்கியதும் இருவருக்கும் இடையே நடந்த சம்பாஷணை இது.

"எப்ப இருந்துங்க சத்தம்?"

"ஒரு வாரமா இருக்குதுங்கண்ணா. மேடு ஏறுனா சாஸ்தியாகுது."

"டாப்புல போட்டா?"

"கொறஞ்சிருதுங்க."

"கொறையுதா, நின்னே போகுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

டிரைவர் சிறிது நேரம் மௌனமாக நின்றார். "நின்னு போறதில்லீங்கண்ணா. லேசா இருந்துட்டேதான் இருக்குது" என்றார்.

குறைவதற்கும் நின்றுபோவதற்கும் இடையிலுள்ள பேதத்தை மேஸ்திரி ஏன் அவ்வளவு வற்புறுத்திக் கேட்டார் என்பதை அவரே பிறகு விளக்கினார். டாப் கியரில் சத்தம் அறவே நின்றுவிட்டால், இரண்டு தண்டுகளும் சந்திக்கும் குழிக்குள் இருக்கிற பேரிங்கின்மேல் சந்தேகம் விழும். ஏனெனில் இரண்டும் ஒன்றாகப் பூட்டிச் சுழலும்போது அந்தப் பேரிங் ஒன்றுக்குத்தான் வேலையே இல்லை. சத்தம் குறைந்து, ஆனால் தொடருமானால், சுழற்சி இருந்தும் பாரம் நீங்கிய பேரிங் எதுவோ அதுவே குற்றவாளி. அது லே ஷாஃப்டினுடையதாகவோ கிளட்ச் ஷாஃப்டின் முன்பேரிங்காகவோ இருக்கலாம்.

இனி வண்டியிடமே கேட்கத் தொடங்கினார். நியூட்ரலில் இஞ்சின் ஓட, கிளட்ச் மிதிக்கப்படாமலிருக்கையில், உலர்ந்த ஆட்டுக்கல்லைச் சுற்றினாற்போன்ற ஒரு கரகரப்பு அடியிலிருந்து எழுந்தது. நின்ற வண்டியிலேயே சத்தம் கேட்பதால், புரொபெல்லர் ஷாஃப்டின் நடுப்பேரிங்கும் பின் அச்சின் கிரௌன் பினியனும் அந்த நொடியே விசாரணையிலிருந்து விடுபட்டன. ஆக்சிலரேட்டரைச் சிறிதே உயர்த்தச் சொன்னார். இஞ்சினின் தாழ்ந்த வேகத்துத் துடிப்பினால் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் வெறும் கடகடப்பாக இருந்தால் வேகம் ஏறியதும் அது மறைந்துபோகும். கிளட்ச் தட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்த வண்டிகளில் இந்தக் கடகடப்பைப் பேரிங் சத்தமென்று மயங்கிப் பெட்டியை இறக்கியவர்கள் பலர். இங்கே கரகரப்பு வேகத்தோடு சேர்ந்து மேலேறியது. பிறகு கிளட்சை மெல்ல மிதிக்கச் சொன்னார். ரிலீஸ் பேரிங் கெட்டிருந்தால் பெடலில் கால் பட்டுப் பாரம் ஏறத் தொடங்கும்போதே சத்தம் பிறக்க வேண்டும், பிறக்கவில்லை. முழுக்க மிதித்ததும் கரகரப்பு இழைந்து, தேய்ந்து, அற்றுப்போயிற்று. கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துப் பிடித்தபோதும் அமைதி நிலைத்தது. இஞ்சின் சக்கரம் சுழல, கிளட்ச் ஷாஃப்ட் நிற்கும் அந்த நிலையில்தான் இரண்டுக்கும் நடுவிலுள்ள பைலட் பேரிங் முனகும். ஆக அதுவும் நிரபராதி.

மிஞ்சியது இடத்தை நிர்ணயிப்பது. மேஸ்திரி முழங்கை நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பியுடன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, கம்பியின் ஒரு முனையைப் பெட்டியின் புறத்தில் பேரிங் அமர்ந்துள்ள ஒவ்வோர் இடமாக ஊன்றி, மறுமுனையைக் காதருகே எலும்பில் பதித்துக் கண்களை மூடிக்கொண்டார். எனக்கும் அந்தக் கம்பியைக் கொடுத்தார். முன்பக்கம் மேலே ஊன்றியபோது சீரான ஓர் இரைச்சல். கீழே முன்பக்கத்தில் அதனோடு மங்கலான நெருடல். கீழே பின்பக்கத்தில் ஊன்றியதும் ஒவ்வொரு தட்டும் தனித்தனியே எண்ணிவிடலாம் போன்ற தெளிவோடு செவியில் மோதியது. லே ஷாஃப்டின் பின்பேரிங் என்று அவர் தீர்ப்புச் சொல்லியபோது, அதற்கான சாட்சியத்தை என் காதே ஏற்கெனவே கேட்டிருந்தது.

பேரிங் ஏன் இப்படிக் கரகரக்கிறது என்பதற்குக் கணக்குண்டு. வெளிவளையத்தில் ஒரு குழி விழுந்தால், அதை ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது ஒரு தட்டு எழுகிறது. தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் விழும் தட்டுகள், குண்டுகளின் எண்ணிக்கையில் ஏறக்குறைய 0.4 பங்கு. எட்டுக் குண்டுகள் கொண்ட பேரிங், நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றும் தண்டில் இருந்தால், விநாடிக்குச் சுமார் 32 தட்டுகள். பெரிய ஆலைகளில் அதிர்வுமானிகளைக் கொண்டு தேடுவதும் இந்தத் தாளத்தையே.

பெட்டியை இறக்குமுன் எண்ணெயை வடித்தார்கள். வடிகால் திருகின் நுனியிலுள்ள காந்தத்தில் கறுத்த மை போன்ற பசை படிந்திருப்பது இயல்பே. பற்கள் பழகுவதால் வருவது அது. அந்தப் பசையை விரலால் வழித்து வெயிலில் நீட்டியபோது அதற்குள் செதில் செதிலாக எஃகுத் துகள்கள் மின்னின. மஞ்சள் துகள் ஏதேனும் உண்டா என்று மேஸ்திரி துணியில் தேய்த்துப் பார்த்தார்; அது இருந்தால் சின்க்ரோனைசர் வளையமோ பித்தளைக் கூடோ தேய்கிறது என்று பொருள். மஞ்சள் இல்லை.

மாலையில் பேரிங் கையில் வந்தது. வெளிவளையத்தின் உட்புறம் பெரும்பகுதி கண்ணாடிபோல் பளபளக்க, ஒரே ஒரு வில்பகுதியில் மட்டும் எள்ளளவும் அதற்கு மேலுமாகப் பொரிந்த குழிகள். அசையாத வளையத்தில் பாரம் எப்போதும் ஒரே திசையில் விழுவதால் களைப்பும் ஒரே இடத்தில் சேருகிறது. குழிகள் சுற்றிலும் பரவியிருந்தால் பொருத்தம் இறுகியிருந்தது என்றும், ஓட்டத்தின் தடம் சாய்ந்திருந்தால் தண்டு நேராக அமரவில்லை என்றும் கொள்ள வேண்டும் என்றார் மேஸ்திரி. எது கெட்டது என்று காண்பது பாதி வேலை. ஏன் கெட்டது என்று காணாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும் என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தப் பேரிங் இறந்தது பாரத்தால். பேரிங்கின் ஆயுள் பாரத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. குண்டுப் பேரிங்குகளில் பாரத்தின் கனத்துக்கு, அதாவது மும்மடிப் பெருக்கத்துக்கு, ஏற்பக் குறைகிறது. பாரம் கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. இரு மடங்கானால் எட்டில் ஒன்று. உருளைப் பேரிங்குகளில் இந்தத் தண்டனை இன்னும் சற்றுக் கடுமை. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய லாரி மேடுகளில் கீழ்க் கியர்களிலேயே, இஞ்சினின் பூரண பலத்தோடு, நெடுநேரம் ஊர்கிறது. அந்த நேரமெல்லாம் பாரத்தைச் சுமப்பது லே ஷாஃப்டே. ஒரு நடையில் கூடுதலாகக் கிடைத்த வாடகையை இந்த எஃகு வளையம் பிறகு வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்கிறது.

புதிய பேரிங்கை மாட்டியதிலும் ஒழுங்கு இருந்தது. எண்ணெய்ச் சட்டியில் கம்பி வலையொன்றை வைத்து, அடி தொடாதவாறு உள்வளையத்தை அதன்மேல் கிடத்தி, சுமார் 100 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். விரிந்த வளையம் சுத்தியலின் அவசியமின்றித் தண்டில் வழுக்கி அமர்ந்தது. சுத்தியலால் தவறான வளையத்தில் அறைந்து ஏற்றினால், குண்டோ உருளையோ ஓட்டத்தில் பதிந்து, புதிய பேரிங் முதல் நாளே வடுவோடு ஓடத் தொடங்கும்.

இவ்வளவையும் கண்ட பிறகு எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. இந்த மேஸ்திரியின் காது கூர்மையானதுதான். ஆனால் அவரை நிபுணராக்கியது காதின் கூர்மையன்று, சத்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று வரிசையாகக் கேட்டு, நின்ற ஒவ்வொரு நிலையிலும் ஒரு பேரிங்கைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் அந்தத் தர்க்கமே. தர்க்கமாக இருப்பதால் அதைக் கற்பிக்க முடியும். கற்பிக்கப்படாவிட்டால் அது இவர் போன்றவர்களோடு பட்டறையைவிட்டுப் போய்விடும். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் கியர்பெட்டியைப் பிரிக்கவும் பூட்டவும் சொல்லிக் கொடுக்கும்போது, பிரிப்பதற்கு முன் அதை ஓடவிட்டு, எது சுழல்கிறது, எது நிற்கிறது, எது பாரம் தாங்குகிறது என்று ஒவ்வொரு மாணவனையும் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். அந்த மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த பிறகே அவன் கையில் ஸ்பானரைக் கொடுக்க வேண்டும்.