அக்கியும் உம்மாவின் நோன்பும்

அக்கி கண்டால் காவி எழுதிக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். முஸ்லிம் வீடுகளிலும் அது உண்டு. உண்மையில், சின்னம்மை வந்து போனவரின் நரம்பில் உறங்கிக் கிடக்கும் வைரஸ், முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ மீண்டும் விழிப்பதே அக்கி. ஹெர்பெஸ் குடும்பத்தைச் சேர்ந்த அவ்வைரஸைக் காவி ஒன்றும் செய்யாது.

சென்ற ரமளானில், எழுபது வயதைக் கடந்த என் உம்மாவுக்கு விலாவில் எரிச்சல் தொடங்கி, மறுநாள் கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்திற்குள் மருந்தைத் தொடங்கினால் பலன் மிகுதி என்றார். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள் என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. ஆயினும் அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். எனவே இரத்தத்தில் கிரியாட்டினினைப் பார்த்த பிறகே எழுதிக் கொடுத்தார். தண்ணீர் நிறையப் பருகாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கக்கூடும் என்றும் எச்சரித்தார்.

உம்மா மருந்துக்கு இணங்கினார். நோன்பை விட இணங்கவில்லை. “சஹருக்கு ரெண்டு, நோன்பு திறந்து மூணு போட்டுக்கிறேனே” என்றார். மாத்திரைகளை இரவில் குவித்தால் பகலெல்லாம் உடலில் மருந்து குறையும், நீரின்றிச் சிறுநீரகமும் வருந்தும் என்றேன். அவர் கண் கலங்கினார். மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடத்தையே அவரிடமும் சொன்னேன்: நோன்பைக் கடமையாக்கிய அல்பகரா அத்தியாயத்திலேயே, நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என அல்லாஹ் இலகுவாக்கியுள்ளான். அவன் தந்த சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே. நெடுநேரம் மௌனமாக இருந்தவர், “தண்ணி கொண்டா, வாப்பா” என்றார். விட்ட நோன்புகளைப் பின்னர் களாச் செய்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இம்மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்குமே தவிர, அதை வேரோடு அகற்றாது. கொப்புளம் வாடியதும் நாமாக நிறுத்தக் கூடாது. ஒரு வேளை தவறினால் இரட்டிப்பாக விழுங்கவும் கூடாது. பிறருக்கு எழுதிய சீட்டைக் கொண்டு வாங்குவதும் ஆபத்து. நெற்றியிலோ கண்ணருகிலோ அக்கி வந்தால் அன்றே கண் மருத்துவரைக் காணுங்கள். மருந்துண்ணும் நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ மனக்குழப்பம் தோன்றினாலோ தாமதியாதீர்கள். கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் பச்சிளங் குழந்தைகளும் விலகியிருக்கட்டும்.

உடல் அல்லாஹ்வின் அமானிதம். வீட்டுப் பெரியவர்கள் நோன்பை விட மறுத்தால் கடிந்துகொள்ளாமல், மார்க்கம் தந்த இலகுவைப் பரிவோடு எடுத்துரையுங்கள். நோயுற்ற அனைவருக்கும் அவன் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.