தேறாத தேர்வும் விண்ணப்பத்தின் ஒரு கட்டமும்

விமானிப் பணிக்கான விண்ணப்பப் படிவங்களில் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் காணலாம்: உரிமத் தேர்விலோ பயிற்சியிலோ திறன் சோதனையிலோ நீங்கள் எப்போதேனும் தேறாமற் போனதுண்டா? ஆம் எனில் விவரம் தருக. தேர்வுமுறைகளைப் பற்றி ஆராய்பவள் என்ற முறையில் இந்தக் கேள்வி சில மாதங்களாக என் சிந்தனையை விட்டகலவில்லை. ஆய்வாளரும் மாணவரும் கூடும் இப்பக்கத்தில் அதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது மட்டாஞ்சேரியில். காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவில் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா தளம் உள்ளது. 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கும்வரை பொதுப் பயணிகளும் அங்கேதான் வந்திறங்கினர். சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைத் தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு வானூர்தியின் ஒலி புதிதன்று. தலைமுறைகளாக இவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று என் அண்டை வீட்டார். அவ்வீட்டு மகன் வேறு மாநிலத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் படித்து வணிக விமானி உரிமம் பெற்றவன். தாயின் நகைகளும் வங்கிக் கடனும் அந்த உரிமத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இறுதித் திறன் தேர்வில் அவன் முதல் முறை தேறவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதாகக் கொண்டு ஒரு வயலில் இறங்கும் பயிற்சியில், உயரத்தைக் குறைக்கப் பிந்திவிட்டான். தேர்ந்தெடுத்த வயலைத் தாண்டிப் போயிற்று விமானம். ஆசிரியருடன் மேலும் சில மணிநேரம் பறந்து, இரண்டாம் முறை தேறினான்.

படிவத்தை என்னிடம் காட்டியபோது அவன் கேட்டது இதுதான்: "அக்கா, இதுக்கு 'இல்லை'ன்னு போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

இக்கேள்விக்கு அறநூல் வழியில் விடை சொல்வது எளிது. ஆனால் அவன் கேட்டது அறத்தைப் பற்றி அன்று, அச்சத்தைப் பற்றி. ஆகவே இரண்டு விபத்துகளை அவனுக்கு விளக்கினேன்.

2009 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து பஃபலோ நோக்கிச் சென்ற கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். வேகம் குறைந்து, இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழக்கப் போவதை எச்சரிக்கும் கருவி கைப்பிடியை அதிரச் செய்தது. மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டவேண்டிய அந்நொடியில் தலைமை விமானி கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்தார். விசாரணையில் அவருடைய தேர்வு வரலாறு வெளிவந்தது. பணியில் சேருமுன் மூன்று திறன் தேர்வுகளில் அவர் தேறாதிருந்தார். விண்ணப்பத்தில் ஒன்றை மட்டுமே குறிப்பிட்டிருந்தார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் முந்தைய நிறுவனங்களின் பதிவேடுகளைக் கேட்டுப் பெறுமாறு பணித்திருந்தது. ஆனால் அரசின் கையிலிருந்த தேர்வுத் தோல்விப் பதிவுகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. நிறுவனம் அவற்றைப் பார்க்கவில்லை.

2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. பொதுவாக 1,500 மணிநேரம் பறந்திருந்தால்தான் பயணிகள் விமானத்தின் துணை விமானியாகலாம் என்ற விதி அதன் வழியே வந்தது. விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளும் அந்த அளவைக் கடந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். எண்ணுவதற்கு எளிதானதைச் சட்டம் உடனே எண்ணத் தொடங்கியது. தேர்வுத் தோல்விகள் உட்பட எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் திரட்டும் தரவுத்தளத்தையும் அதே சட்டம் கோரியது. அதற்குரிய இறுதி விதி வெளிவந்தது 2021இல்.

அந்த இடைவெளியில் இரண்டாவது விபத்து நேர்ந்தது. 2019 பிப்ரவரி 23 அன்று அட்லஸ் ஏர் 3591 என்ற சரக்கு விமானம் ஹூஸ்டனுக்கு அருகே நீர்நிலையில் வீழ்ந்தது, மூவர் இறந்தனர். துணை விமானி தம் முந்தைய பயிற்சித் தோல்விகளையும், தாம் வேலை பார்த்த சில இடங்களையும் விண்ணப்பத்தில் மறைத்திருந்தார். எதிர்பாராத சூழலில் நிலைதடுமாறி, யோசிக்குமுன் கையை இயக்கிவிடுவது அவருடைய பயிற்சிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட குறை. கடைசி நிமிடத்திலும் நடந்தது அதுவே. தரவுத்தளத்தை உரிய காலத்தில் நிறைவேற்றாமையும் விபத்துக்குத் துணைநின்ற காரணங்களுள் ஒன்று என விசாரணை வாரியம் பதிவுசெய்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 2011இல், விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் தேறாமலே போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்றோர் கைதாயினர். அதன்பின் விமானிகளின் உரிமங்கள் பெருமளவில் மறு ஆய்வுக்கு உள்ளாயின.

இவற்றை வைத்து, தேறாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு வருவது எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. ஒரு முறை தவறுவதும் ஒரே தவறு ஆண்டுக்கணக்கில் திரும்புவதும் வெவ்வேறு செய்திகள். முதலாவது, கற்றலின் போக்கில் நேர்வது. இரண்டாவது, தனிப் பயிற்சியும் கண்காணிப்பும் வேண்டுமென்னும் எச்சரிக்கை. மேற்சொன்ன இருவருக்கும் தேவைப்பட்டது அத்தகைய கவனிப்பு. மறைத்ததால் அதைக் கேட்கும் வாய்ப்பை அவர்கள் இழந்தனர். பதிவைத் தேடிப் படிக்காததால் கொடுக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் இழந்தன. 'ஆம்' என்று எழுதிய விண்ணப்பத்தை விவரம் படிக்காமலே ஒதுக்கும் தேர்வுக்குழு, அடுத்த விண்ணப்பதாரருக்கு 'இல்லை' என்று எழுதக் கற்றுக்கொடுக்கிறது. அதனால் நேரும் ஆபத்து அக்குழுவோடு நிற்பதில்லை. பின்னிருக்கையில் உறங்கும் பயணியையும் சேர்கிறது.

அன்றிரவு நாங்கள் இருவரும் அமர்ந்து அந்தக் கட்டத்தில் மூன்று வாக்கியங்கள் எழுதினோம்: எது பிழைத்தது, அதைத் திருத்த எவ்வளவு பறந்தான், மறுதேர்வில் என்ன நடந்தது. பரிதாபம் தேடும் சொல்லோ பயிற்சிப் பள்ளியைக் குறைகூறும் சொல்லோ சேர்க்கவில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து பதிலே வரவில்லை. மற்றொன்று நேர்முகத்துக்கு அழைத்தது. அங்கிருந்த மூத்த விமானி ஒருவர் அவன் எழுதியதைப் படித்துவிட்டு, "இன்று அதே வயல் என்றால் எந்த உயரத்தில் திரும்புவீர்கள்?" என்று கேட்டாராம். பாதி நேரம் அதிலேயே கழிந்தது என்றான். முடிவு இன்னும் வரவில்லை. அவன் வீட்டில் கடனுக்கான மாதத்தவணை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே நேர்மைக்கு உடனே பலன் கிட்டும் என்று நான் எழுதத் துணியவில்லை.

ஆனால் அந்த மூத்தவர் கேட்ட கேள்வியை நம் துறைக்குள் கொண்டுவரலாம். திருப்பியனுப்பப்பட்ட ஆய்வேட்டையும், இரண்டாம் முயற்சியில் தேறிய தகுதித்தேர்வையும், இடையில் விடுபட்ட ஓராண்டையும் நம் மாணவர்கள் தன்விவரக் குறிப்பில் எவ்வளவு கவனத்துடன் மறைக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். விமானிகள் பணியில் சேர்ந்த பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதிக்கப்படுகிறார்கள். நாம் ஒருமுறை பட்டம் பெற்றபின் யாரும் நம்மைச் சோதிப்பதில்லை. அவ்வசதியில் அமர்ந்துகொண்டு பிறரின் தோல்வியை மதிப்பிடும்போது, 'ஏன் தேறவில்லை?' என்பதோடு நின்றுவிடுகிறோம். 'அதன்பின் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்வியையும் உடன் கேட்போம். விடையைப் பொறுமையாகக் கேட்கும் குழு என்று தெரிந்தால், மாணவர் மறைக்கவேண்டிய தேவை குறையும்.

தேர்வுக்குழுக்களில் அமரும் ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால் மகிழ்வேன்.