பாப்பாவின் காலைக் கஞ்சி

வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் வேறு பொழுதுபோக்கே வேண்டாம் என்பார்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. பிரசவத்திற்காகச் செங்கல்பட்டுக்கு வந்த எங்கள் பெரிய அக்கா, 26 வார விடுப்பு முடிந்ததும் மறைமலை நகரில் வேலைக்குத் திரும்பினாள். காலை ஏழு மணிக்குள் அவள் கிளம்பிவிடுவாள். அம்மாவுக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது. எனவே பாப்பாவுக்குக் காலை உணவு ஊட்டும் பொறுப்பு, பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கும் எங்கள் இருவரிடமும் வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை!

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்க வேண்டும் என்று சுகாதார செவிலியர் சொல்லியிருந்தார்கள். பிறக்கும்போது குழந்தை உடலில் சேர்த்துக்கொண்டு வரும் இரும்புச்சத்து ஏறக்குறைய அந்த வயதில் குறைந்துவிடுமாம். எதைக் கொடுப்பது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. மாமா கடையிலிருந்து டப்பா மாவு வாங்கி வந்தார். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை நாங்கள் உரக்கப் படித்தோம். சர்க்கரை சேர்த்திருந்தது. இரண்டு வயது வரை குழந்தை உணவில் சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை என்று அக்கா அதை ஒதுக்கிவிட்டாள். முடிவில் அரிசிக் கஞ்சி என்று தீர்மானமாயிற்று.

இங்கேதான் எங்கள் தவறு தொடங்கியது. அம்மா கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைப் பாப்பா நாக்கால் வெளியே தள்ளினாள். புதிய உணவைக் குழந்தைகள் முதலில் அப்படித்தான் தள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. பள்ளிப் பேருந்து வரும் நேரமோ நெருங்கிவிடும். நாங்கள் கஞ்சியில் வெந்நீர் ஊற்றினோம். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். கடைசியில் ஒரு புட்டியில் விட்டு, ரப்பரின் துளையைச் சுட்ட ஊசியால் பெரிதாக்கிப் புகட்டினோம். ஐந்து நிமிடத்தில் புட்டி காலி! "சமர்த்தாகச் சாப்பிட்டாள்" என்று அம்மாவிடம் தினமும் சொல்லிவிட்டு ஓடினோம்.

எட்டாம் மாதத்தில் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். ஆறாம் மாதத்தில் 6 கிலோ 800 கிராம் இருந்த பாப்பா, இப்போது சரியாக 7 கிலோ. வளர்ச்சி அட்டையில் மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக்கிடந்தது. அன்று இரவு அக்கா, "நான் வேலைக்குப் போனதால்தான் என் குழந்தை இளைத்துவிட்டாள். நாளைக்கே வேலையை விட்டுவிடுகிறேன்" என்று தேம்பி அழுதாள்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லாமல் இருந்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் செய்யாத குற்றத்திற்கு அக்கா அழும்போது எப்படி வாய் மூடியிருப்பது? வெந்நீரையும் புட்டியையும் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அக்கா எங்களைத் திட்டவில்லை. சிறிது நேரம் கழித்து, "ஊருக்குப் போன் போட்டு ஆயாவை வரச் சொல்லுங்கள்" என்றாள்.

எங்கள் ஆயா மாமல்லபுரத்திற்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறார்கள். மறுநாளே திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி, ஒரு பை கேழ்வரகோடு வந்து இறங்கினார்கள். நாங்கள் புகட்டிய கஞ்சியைப் போலவே ஒரு தம்ளரில் கலந்து காட்டச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, "இது கஞ்சியா, அரிசி களைஞ்ச தண்ணியா? தண்ணியால வயிறு நிறையும், உடம்பு நிறையுமா?" என்றார்கள்.

ஆயா சொன்னதன் காரணத்தைப் பிறகு செவிலியர் விளக்கினார்கள். குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு, கிலோவுக்குச் சுமார் 30 மில்லி அளவே கொள்ளும். 7 கிலோ குழந்தைக்கு அது 200 மில்லியைச் சற்றே தாண்டும். அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? கஞ்சி கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும். கெட்டியாகவும் இருக்க வேண்டும், விழுங்க இதமாகவும் இருக்க வேண்டும். புட்டியோ கிருமிகளின் வீடு. கிண்ணமும் கரண்டியுமே நல்லது.

இதற்கு ஆயாவிடம் ஒரு வழி இருந்தது. கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டார்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நன்றாக உலர்த்தி, இளஞ்சூட்டில் வாசனை வரும் வரை மட்டும் வறுத்தார்கள். நான்கு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பு சேர்த்து, மெஷினில் அரைத்துத் துணியில் சலித்தோம். முளைக்கும் தானியத்தில் நொதி உண்டாகி மாவுச்சத்தை உடைக்கிறது என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னார்கள். அதனால் மாவை அதிகம் போட்டாலும் கஞ்சி களியாக இறுகுவதில்லை. கருக வறுத்தால் நொதி கெட்டுவிடும். படிக்காத ஆயாவின் கைப்பக்குவத்தில் இத்தனை அறிவியலா என்று வியந்தோம்!

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூறைப் பருப்பு ஈடு செய்கிறது. கஞ்சியை இறக்கியதும் அரைக் கரண்டி நெய் விடுவோம். உப்பு, சர்க்கரை இல்லை. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. பிறகு மசித்த பப்பாளியும், அவித்த முட்டையும், முள் நீக்கிய மீனும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

முதல் வாரம் பாப்பா துப்பத்தான் செய்தாள். நாங்கள் அரை மணி முன்னதாக எழுந்து, பேசிச் சிரித்து, பொறுமையாக ஊட்டினோம். பத்தாம் மாதம் எடை 7 கிலோ 800 கிராம்! அங்கன்வாடியில் அக்கா மீண்டும் அழுதாள். இது வேறு அழுகை. வேலையையும் அவள் விடவில்லை.

1980-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குச் சத்துணவு கொடுத்தார்களாம். அந்தத் தராசு இல்லையென்றால் எங்கள் பாப்பாவின் மெலிவு எங்கள் கண்ணுக்கே தெரிந்திராது.

தோழியரே, உங்கள் வீட்டுத் தம்பி தங்கைகளுக்கு ஊட்டும்போது கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். கஞ்சி ஒழுகினால் இன்னும் கொஞ்சம் மாவு போடுங்கள். தவறு நேர்ந்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.

குழந்தையின் சிறுகை பட்ட கூழைப் பற்றி வள்ளுவர் பாடியதை மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். இன்று காலை பாப்பா கிண்ணத்துக்குள் கைவிட்டு, அந்தக் கையாலேயே எங்கள் சீருடையைப் பிடித்தாள். கறையோடுதான் பள்ளிக்கு வந்தோம். எங்களுக்கு வருத்தமே இல்லை.