பூட்டி வைத்த இரண்டு ஜிபி

"அண்ணா, எனக்கு இதெல்லாம் வராது போல. விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தங்கை போனில் சொன்னாள். மதுரையில் இருக்கிறாள். மகனைப் பள்ளியில் சேர்த்த பிறகு யூடியூப் பார்த்து பிளெண்டர் பழகினாள். வீட்டு இன்டீரியருக்கு முப்பரிமாணப் படம் செய்துகொடுக்கும் வேலை. எட்டு மாதம் கழித்து முதல் வாடிக்கையாளர் கிடைத்திருந்தார். ஒரு ஹால், ஒரு சமையலறை. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆனால் மவுஸை அசைத்தால் மூன்று விநாடி கழித்துத்தான் படம் திரும்புகிறது. நடுவில் பிளெண்டர் தானாகவே மூடிக்கொள்கிறது.

"எதையாவது தப்பா அழுத்துவே" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். கடைக்காரர் "கிராபிக்ஸ் 5 ஜிபி வரைக்கும் வரும் சார்" என்றார். பத்து வருடமாக மென்பொருள் எழுதுகிறவன், அந்த "வரைக்கும்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கவில்லை. பட்ஜெட்டுக்குள் வந்தது, வாங்கிவிட்டேன்.

வீடியோ காலில் திரையைக் காட்டச் சொன்னேன். பொருத்தியிருக்கும் ரேம் 8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 5.9 ஜிபி என்று இருந்தது. "மிச்சம் ரெண்டு ஜிபி எங்கண்ணா போச்சு?" என்றாள். எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

விலை கூடிய லேப்டாப்களில் கிராபிக்ஸுக்கென்று தனிச் சிப்பும், அதன் பக்கத்திலேயே சொந்த மெமரியும் இருக்கும். இவளுடையதில் கிராபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சொந்த மெமரி கிடையாது, எல்லாம் ரேமிலிருந்துதான். அதை இரண்டு விதமாக எடுக்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே பயாஸ் ஒரு பகுதியை வெட்டிக் கிராபிக்ஸுக்கு ஒதுக்கிவிடும். அந்தப் பகுதி சும்மா கிடந்தாலும் வேறு எந்த மென்பொருளும் தொட முடியாது. இவளுக்கு அது 2 ஜிபி. அதுபோக, மிச்சமிருக்கும் ரேமில் பாதி வரை தேவைப்பட்டால் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் அனுமதிக்கும். 5.9-இல் பாதி 2.9. இரண்டையும் கூட்டினால் டாஸ்க் மேனேஜர் காட்டும் 4.9 ஜிபி. கடைக்காரர் சொன்ன 5 ஜிபி இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதி யாரும் எடுத்து வைத்த பங்கு அல்ல, வெறும் உச்சவரம்பு. குரோமும் பிளெண்டரும் முதலில் வந்து ரேமை நிரப்பிவிட்டால், காகிதத்தில் மட்டும்தான் பாதி. அதற்குமேல் நெருக்கடி வந்தால் விண்டோஸ் ரேமில் இருப்பதை எஸ்எஸ்டிக்குத் தூக்கிப் போடும், திரும்ப எடுத்து வரும். இவள் காத்திருந்த மூன்று விநாடி அதுதான்.

சரி, இவ்வளவு மெமரியை எது தின்கிறது? திரை அல்ல. 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத் திரைக்கு ஏறக்குறைய 8 எம்பிதான். தின்றது அவள் இறக்கி வைத்திருந்த மர, மார்பிள், டைல்ஸ் படங்கள். கோப்பாக இருக்கும்போது ஒன்று மூன்று நான்கு எம்பி. வரைவதற்காக மெமரியில் விரிக்கும்போது அந்தச் சுருக்கம் போய்விடும். 4096×4096 புள்ளி, புள்ளிக்கு 4 பைட்: 64 எம்பி. ஒரு மரப்பலகைக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று படம். பத்துப் பொருளுக்கு முப்பது படம், 1,920 எம்பி. சமையலறை டப்பாவின் மூடிக்கும் அவள் 4096-ஐத்தான் போட்டிருந்தாள். 1024-க்குக் குறைத்தால் ஒரு படம் 4 எம்பி, பதினாறில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

மறுநாள் காலை இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஒதுக்கப்பட்ட 2 ஜிபியைப் பற்றிச் சொல்லும்போது குறுக்கே வந்தாள்.

"நீ ஹாஸ்டலுக்குப் போனப்புறமும் உன் ரூமைப் பூட்டி வச்சிருந்தாங்களே, அந்த மாதிரியா?"

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, இரண்டு அறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு. இன்னொன்று, நான் பத்தாவது போனதும் "படிக்கிற பையன்" என்று எனக்கு வந்தது. அவளுக்கு ஹால். "ஹால் முழுக்க உன்னோடதுதானே" என்பார் அப்பா. விருந்தாளி வந்தால் அவள் புத்தகத்தோடு சமையலறைக்குப் போவாள். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது அவள் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினாள். அந்த வருடம் முழுக்க என் அறையில் யாரும் இல்லை. தூசி படியும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். சாவியை அவள் கேட்கவில்லை. கொடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. மதிப்பெண் குறைந்தபோது "அவளுக்குப் படிப்பு அவ்வளவுதான்" என்று வீட்டில் பேசியதை நம்பியவர்களில் நானும் ஒருவன்.

"ஆமா, அதே மாதிரிதான்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயாஸுக்குள் போகச் சொன்னேன். எல்லா லேப்டாப்பிலும் இந்த அமைப்பைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள்; இவளுடையதில் இருந்தது. 2 ஜிபியை 512 எம்பியாகக் குறைத்தோம். கிராபிக்ஸ் வேலைக்குக் கிராபிக்ஸ் மெமரியைக் குறைப்பதா என்று தோன்றும். ஆனால் இங்கே தட்டுப்பாடு மொத்த ரேமில். பூட்டைத் திறந்ததும் பயன்படுத்தக்கூடியது 7.4 ஜிபி ஆனது, கிராபிக்ஸுக்கு வேண்டியதும் அதிலிருந்தே கிடைத்தது. படங்களையும் சிறிதாக்கினாள். வெள்ளிக்கிழமை மதியம் வேலையை அனுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம் காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டோம். டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக்காக இருந்தால் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கொண்டுபோகும். இரண்டு சேர்ந்தால் 51.2. சொந்த மெமரி இல்லாத கிராபிக்ஸுக்கு அளவைப் போலவே இந்த வேகமும் முக்கியம். லேப்டாப் வாங்குகிறவர்கள் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை, இருந்தது என் அதிர்ஷ்டம்.

போன வாரம் கூப்பிட்டேன். பின்னால் டிவி சத்தம் இல்லை. எங்கே இருக்கிறாய் என்றேன்.

"உள்ரூம்ல. கதவைச் சாத்திட்டு வேலை பார்த்துட்டிருக்கேன். அப்புறம் கூப்பிடுறேன்ணா."

வைத்துவிட்டாள்.