ஒருவர் தோளில் நிற்கும் சங்கங்கள்

யாழ்ப்பாணத்து மக்கள் 'பெரியாஸ்பத்திரி' என இன்றும் வழங்கும் போதனா வைத்தியசாலை, தோற்றத்தில் அரசாங்கத்தின் படைப்பன்று. வட மாகாண அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக் என்பார் 1850ஆம் ஆண்டில் அதற்கு அடிகோலினார். அதனை நடத்தியது 'பிரெண்ட் இன் நீட் சொசைற்றி' என்னும் தொண்டர் சங்கம். டைக் 1867இல் இறந்தார். ஆயின், வைத்தியசாலை அவரோடு மடிந்துவிடவில்லை. மேலும் நாற்பது ஆண்டுகள் சங்கத்தின் பெயரிலேயே இயங்கி, 1907இல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறியது. தொடக்கியவர் மறைந்த பின்னரும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்ததென்பது ஒரு தருமத்தின் வலிமையை அளப்பதற்கு ஏற்ற அளவுகோலாகும். குடாநாட்டில் வலுவிழந்தோருக்காக இன்று இயங்கும் சிறு சங்கங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, மனம் அமைதியுறுவதில்லை.

இச்சங்கங்களின் தேவை பற்றி எவருக்கும் ஐயமில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் யாதேனுமொன்றில் இடர்ப்பாடு உடையவர்கள். வடக்கிலே இயற்கையும் முதுமையும் நோயும் தந்த குறைகளோடு எறிகணையும் மிதிவெடியும் தந்தவையும் சேர்ந்தன. கைதடியில் நவீல்ட் பாடசாலையும், சுன்னாகத்தில் வாழ்வகமும், கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையும் மக்கள் நன்கறிந்தவை. 1987இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போர்க்காலத்தின் நெருக்கடிகளினூடே கால் இழந்தோரை எழுந்து நடக்கச் செய்தது. இவற்றின் நிழலில், பெயர்ப்பலகைகூட இல்லாத சிறு சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. இக்கட்டுரை கருதுவது அவற்றையே.

இத்தகைய சங்கமொன்றின் செயலாளரைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை எனக் கொள்வோர் பெரும்பாலும் தவறமாட்டார்கள். சங்கத்தின் அலுவலகம் அவர் வீட்டு விறாந்தை. உறுப்பினரின் பெயர்கள் அவர் நினைவில்; பற்றுச்சீட்டுகள் அவரது கைப்பையில்; அலுமாரித் திறப்பு அவர் சேலைத் தலைப்பில். எந்தப் பிள்ளைக்கு எப்போது வலிப்பு வரும், எந்தத் தாய்க்கு எவரிடம் கடன் உண்டு, பிரதேச செயலகத்தில் எந்த உத்தியோகத்தர் இரக்கமுள்ளவர் என்பனவெல்லாம் அவர் அறிவார். அவர் ஒருவரே அறிவார். ஒருநாள் அவருக்கு நோய் கண்டால் மாதாந்த உதவி நின்றுவிடும். அவர் வெளிநாட்டிலுள்ள மகளிடம் சென்றுவிட்டால் சங்கமும் விமானம் ஏறிவிடும். அவரது அன்பில் குறை காண்பதற்கில்லை. அந்த அன்பு வேறு எவரது கைக்கும் மாற்றப்படாமல் இருப்பதே குறை.

பிற தருமங்களுக்கும் இது பொருந்துமன்றோ எனச் சிலர் வினவலாம். பொருந்தும், ஆயினும், வலுவிழந்தோர் பணியில் இதன் விளைவு கடுமையானது. செயற்கைக் காலை எடுத்துக்கொள்வோம். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரிலே, பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த கைவினைஞரான இராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவரான சேத்தியும் இணைந்து உருவாக்கிய இறப்பர்ப் பாதம் நம் நாட்டார்க்கும் ஏற்றது. அதனை அணிந்து வெறுங்காலுடன் வயலில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், கோயில் வீதியை வலம் வரலாம். ஆனால் அது ஒருமுறை கொடுத்து முடிக்கும் பரிசன்று. வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கொரு முறையேனும், வளர்ந்தோர்க்குச் சில ஆண்டுகளுக்கொரு முறையும் அதனை மாற்றவேண்டும். 2009ஆம் ஆண்டில் பத்து வயதிற் கால் இழந்த பிள்ளை எழுபது வயதை எய்தும்போது ஆண்டு 2069 ஆகியிருக்கும். அறுபது ஆண்டுத் தேவைக்கு முன்னே ஓராண்டுச் செயற்றிட்டமும் ஒருவரது ஆயுளும் எம்மாத்திரம்? வாழ்நாள் முழுதும் தொடரும் தேவைக்குத் தலைமுறை கடந்து தொடரும் நிறுவனமே ஈடாகும்.

இதனைக் கொடையாளர் உணராதவர்கள் எனக் கூறுதல் நியாயமன்று. 'நிறுவனத் திறன் விருத்தி' என்பது பல ஆண்டுகளாக அவர்களது வாயில் வழங்கிவரும் சொல்லே. ஆனால் அச்சொல் நடைமுறையில் எவ்வடிவம் பெறுகின்றது? நகரத்து விடுதியொன்றில் இருநாட் செயலமர்வு, சுவரிற் பதாகை, மதிய போசனம், இறுதியிற் சான்றிதழ். கற்பிக்கப்பட்டவை ஆங்கிலப் படிவங்களை நிரப்பும் முறைகள். சங்கம் திரும்பிவரும்போது அதனிடம் ஒரு கோப்பு மிகுதியாக இருக்கும். ஆள் மிகுதியாக இரான். இன்னொரு முரணும் உண்டு. சக்கர நாற்காலி வழங்கப் பணம் கிடைக்கும். அதன் சில்லைத் திருத்துபவனின் கூலிக்குக் கிடையாது. நாற்காலியைக் கையளிக்கும்போது நிழற்படம் எடுக்கலாம். சில்லுத் திருத்துவதை எவரும் படமெடுப்பதில்லை. எனவே ஆறு மாதங்களில் நாற்காலி கோழிகள் உறங்கும் இடமாகிவிடுகின்றது.

உண்மையில், சிறு சங்கத்துக்கு வேண்டிய திறன்கள் எளியவை, ஆடம்பரமற்றவை. நாள்தோறும் எழுதப்படும் காசேடு. காசோலைக்கு இரு கையொப்பங்கள். பொதுச்சபை ஏற்றுக்கொண்ட யாப்பு. வாசித்து உறுதிசெய்யப்பட்ட கூட்ட அறிக்கை. செயலாளரின் பணியை அருகிருந்து கற்கும் உதவிச் செயலாளர். ஒவ்வொரு பயனாளருக்கும், அவரது அந்தரங்கம் காக்கும் வகையிற் பேணப்படும் ஒரு கோப்பு. இவை யாழ்ப்பாணத்துக்குப் புதியனவல்ல. கோயிற் பரிபாலன சபைகளும் ஐக்கிய நாணய சங்கங்களும் சனசமூக நிலையங்களும் பொதுக்கூட்டத்தையும் கணக்கறிக்கையையும் ஊர் வழக்கமாகவே ஆக்கியுள்ளன. திருவிழாக் கணக்கில் ஒரு தேங்காய் குறைந்தாலும் எழுந்து கேள்வி கேட்கும் ஊரவர், வலுவிழந்தோர் சங்கத்தின் கணக்கை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் இரக்கமற்றவர் ஆகிவிடுவோமோ என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கின்றது. இக்கூச்சமே சங்கத்தைத் தனிமைப்படுத்துகின்றது. கேள்வி கேட்கப்படாத சங்கத்தில் வேலை பகிர்ந்துகொள்ளப்படுவதுமில்லை.

மொழியும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே புகட்டினார். பின்னர் தமிழுக்கு மாறினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தாம் சென்றபின்னும் அறிவு தங்கவேண்டுமெனில் அது ஊர்மொழியில் இருத்தல் வேண்டும் என்பதே அம்முயற்சி உணர்த்தும் பாடம். மூன்றுமாத அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் கையில் சங்கம் முழுதும் சிக்கிக்கொள்ளும் நிலையை நோக்குங்கால், அப்பாடம் இன்னும் கற்கப்படவில்லை என்றே கூறத்தோன்றும்.

இவை யாவற்றினும் அடிப்படையானது ஒரு நாற்காலி பற்றிய வினா: நிர்வாக சபையில் எவர் அமர்ந்திருக்கிறார்? அங்கவீனர் என்ற சொல் வலுவிழந்தோர் ஆயிற்று. பின் மாற்றுத்திறனாளிகள் ஆயிற்று. சொல் மாறிய வேகத்தில் ஆசனம் மாறவில்லை. இலங்கையில் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கமாக நிறைவேறிற்று. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. வலுவிழந்தோரைப் பாதிக்கும் முடிவுகளில், அவர்தம் அமைப்புகளினூடாக அவர்களைக் கலந்தாலோசிக்கவேண்டும் எனச் சமவாயம் அரசுகளைப் பணிக்கின்றது. அரசுக்கு விதித்த கடமையைச் சங்கங்கள் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளல் ஆகாதா? பார்வையற்ற பொருளாளருக்குக் கணக்கை வாசித்துக் காட்டலாம். செவிப்புலனற்ற உறுப்பினருக்குச் சைகைமொழி அறிந்தவரை அழைக்கலாம். கூட்டம் நடக்கும் மண்டபத்தின் படிக்கட்டருகே சாய்தளம் ஒன்று கட்டலாம். தேவையுடையவரே நடத்துநரும் ஆகும்போது சங்கம் ஒருவர் புறப்பாட்டோடு முடிந்துவிடாது. தேவை அவரைவிட்டு எங்கும் புறப்பட்டுச் செல்லாதன்றோ?

கணக்கும் யாப்பும் புகுந்தால் கருணை வெளியேறிவிடும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. இருவர் நடத்தும் சங்கத்திடம் நாற்பது பக்க அறிக்கை கேட்பது திறன் விருத்தியன்று, அது பளு. ஆதலால் சுமை சங்கத்தின் அளவுக்கு ஏற்றதாதல் வேண்டும். ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து ஒரு சமாசமாகி, ஒரே கணக்காளரையும் ஒரே திருத்துநரையும் பகிர்ந்து வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் வணிகமும் முகாமைத்துவமும் பயில்வோர் ஆண்டுக்கொரு சங்கத்தின் ஏடுகளைச் சீர்செய்து கொடுக்கலாம். மொழி பயில்வோர் படிவங்களைத் தமிழாக்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. சனிக்கிழமைகள் சில போதும்.

அவ்வாறு செல்லும் மாணவர் முதலிற் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. செயலாளர் அருகில் அமர்ந்து, அவர் நினைவிலுள்ள பெயர்களை ஒரு கொப்பியில் எழுதவேண்டும்: பெயர், ஊர், தேவை, அடுத்து எப்போது காணவேண்டும் என்பன. எழுதி முடிக்கச் சில மாலைகள் செல்லும். அக்கொப்பியைச் செயலாளரிடம் மட்டுமன்றி, சங்கத்தின் இளைய உறுப்பினர் ஒருவரிடமும் படியெடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அலுமாரிக்கு இரண்டாவது திறப்பு ஒன்று வெட்டுவிப்பதற்கும் அதுவே தக்க நாள்.