மணலில் நட்ட வேலி

கடலூரை அடுத்த கடற்கரைக் குப்பம் எங்களுடையது. மணலைக் காற்று வாரிச் செல்லாதிருக்க அங்கே சவுக்கு நடுவார்கள். 1990-களில் ராஜஸ்தான் எல்லையில் முள்கம்பி வேலி எழுந்தபோது, என் தந்தையார் சிதம்பரத்தில் ரயிலேறிக் கூலி வேலைக்கு ஜெய்சல்மேர் போனார். அங்கே சவுக்கேது?

"பகல்ல நட்டத ராத்திரி காத்து பாதி மூடிடும் தம்பி. காலைல மொதல்ல மண்ணத்தான் வாருவோம்" என்பார். வேலியோரம் போட்ட ரோந்துப் பாதையும் அப்படித்தானாம். இன்றும் மணல்மேடுகள் நகர்ந்து வேலியைப் புதைக்கின்றன. காவலுக்கு நிற்பவர்கள் வாருகிறார்கள்.

அந்த வேலைக்குச் சான்றிதழ் ஏதும் அவரிடம் இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று படிவத்தில் கைநாட்டு வைத்தார். முள்கம்பி கிழித்த தழும்பும் அதில் பதிந்தது. மை துடைக்க எழுத்தர் துணி தந்தார், வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.